11-ல்தான் வெளிச்சம் ஆரம்பிக்கிறது

சின்ன வயசில் நாங்கள் மேற்கு மாம்பலத்தில் குடியிருந்தோம். மே மாதம் சாயங்காலம் ஏழு மணி ஆனால் போதும், தெருவில் இருக்கிற அத்தனை வீட்டிலும் ஃபேன், மோட்டார், கிரைண்டர் எல்லாம் ஒரே நேரத்தில் ஓட, வோல்டேஜ் இறங்கிவிடும். எங்கள் ஹாலில் இருந்த 60 வாட்ஸ் குண்டு பல்பு முதலில் மஞ்சளாகும், அப்புறம் இன்னும் கீழே போய் உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் மட்டும் கங்கு மாதிரி தெரியும். அப்பா ஸ்டெபிலைசரைத் தட்டுவார். அந்த வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் எழுத முடியாது என்பது எனக்கு ஒரு வசதி. தவிர அந்த வெளிச்சத்தில் பாட்டியின் முகம் வேறு யாரோ போல இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

இந்த வருஷம் அதே வெளிச்சத்தை ஒரு மேடையில் வேண்டுமென்றே வரவழைக்க மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். மின்வாரியம் இலவசமாகத் தந்ததை இப்போது மணிக்கணக்கில் வாடகை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

நாங்கள் ஒரு சின்ன அமெச்சூர் நாடகக் குழு. எல்லாரும் பகலில் ஆபீஸ் போகிறவர்கள், எனக்கு ஓஎம்ஆரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. வழக்கமாக லைட் பார்க்கிற நண்பர் துபாய்க்குப் போய்விட்டார். "நீதான் கம்ப்யூட்டர் ஆளாச்சே" என்று டைரக்டர் என் தலையில் கட்டிவிட்டார். தையல் மெஷின் ஓட்டுகிறவளிடம் பஸ்ஸைக் கொடுத்த மாதிரி. ஆனால் பொய் சொல்லக் கூடாது, எனக்கும் உள்ளுக்குள் ஆசைதான்.

நாடகத்தின் கடைசிக் காட்சி இது. ரிட்டயர்டு தபால்காரர் ஒருவர் ஈஸி சேரில் சாய்ந்தபடி பேரனிடம் பேசிக்கொண்டிருக்கிறார், பேசப் பேச பொழுது சாய்கிறது, பேரன் தண்ணீர் எடுக்க உள்ளே போகிறான், அவன் திரும்பி வருவதற்குள் அவர் போய்விடுகிறார். டைரக்டர் சொன்னது அப்படியே: "எப்ப இருட்டாச்சுன்னு ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது. கடைசில அவர் மூஞ்சி மட்டும்தான் இருக்கணும். அப்புறம் அதுவும் போகணும். டக்குனு போகக் கூடாது, அகல் விளக்குல எண்ணெ தீர்ந்து போற மாதிரி போகணும்." சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். டைரக்டர்களின் வேலை எவ்வளவு சுலபம் பாருங்கள்.

நான் வீட்டில்தான் ஆரம்பித்தேன். கியூஎல்சி ப்ளஸ் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, இலவசம், லேப்டாப்பிலேயே லைட் போர்டு, அதாவது மேடை லைட்டுகளை ஏற்றி இறக்குகிற கன்ட்ரோல் பலகை மாதிரி ஓடும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைந்து யூஎஸ்பி-யில் சொருகி டிஎம்எக்ஸ் (லைட்டுக்கு உத்தரவு போகிற சிக்னல்) வெளியே தருகிற ஒரு சின்ன டப்பா வாங்கினேன், தெரிந்தவரிடம் பழைய எல்ஈடி பார் லைட் (டப்பா வடிவ மேடை விளக்கு) ஒன்று. அதை என் ரூமில் துணி காயப்போடுகிற கம்பியில் தொங்கவிட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் பயிற்சி. எதிர் ஃபிளாட் மாமி மூன்றாவது நாள் லிஃப்டில் கேட்டுவிட்டார், "என்னடி, ராத்திரியில சிவப்பும் நீலமுமா மாறி மாறி எரியறது, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" ஆம்புலன்ஸ் என்று நினைத்தாராம்.

டிஎம்எக்ஸ் என்பது 1986-ல் அமெரிக்காவில் நாடகத் தொழில்நுட்பக்காரர்கள் சேர்ந்து உண்டாக்கிய ஒரு பொது பாஷை. அதற்கு முன்னால் ஒரு கம்பெனி போர்டு இன்னொரு கம்பெனி டிம்மரோடு, அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டியோடு, பேசாது. ஒரு கேபிளில் 512 சேனல், ஒவ்வொரு சேனலுக்கும் 0-விலிருந்து 255 வரை ஒரு எண், அவ்வளவுதான். முழு 512-ஐயும் வினாடிக்குச் சுமார் 44 தடவை திரும்பத் திரும்ப ஒப்பித்துக்கொண்டே இருக்கும், திருப்பிக் கேள்வி எல்லாம் கேட்காது. ஒவ்வொரு லைட்டுக்கும் ஒரு ஆரம்ப அட்ரஸ் கொடுக்க வேண்டும். ஏழு சேனல் எடுக்கிற லைட் என்றால் முதலாவதுக்கு 1, அடுத்ததுக்கு 8, அப்புறம் 15. இதில் ஒன்றைத் தப்பாகப் போட்டால் ஒரு லைட்டின் டிம்மர் இன்னொரு லைட்டின் பச்சையாகிவிடும். தபால்காரர் நாடகத்துக்குப் பொருத்தம்தான், கதவு எண் மாறிப்போன கடிதம்.

வீட்டில் எல்லாம் வெண்ணெயாகப் போனது. 20 சதவீதத்திலிருந்து 0-வுக்கு 12 வினாடியில் மெதுவாக மங்குகிற ஒரு ஃபேட் எழுதினேன், எண்கள் அழகாக இறங்கின, லைட் அணைந்தது, எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன். அப்போது ரூமில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது என்பதை நான் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை.

ஒத்திகைக்கு தி.நகர் பக்கம் ஒரு அரங்கம், மாலை நான்கிலிருந்து ஏழு வரை மூன்று மணி நேரம் கிடைத்தது. டிசம்பரில் கச்சேரிக்காரர்கள் ஒரு நாள்கூட விடமாட்டார்கள், நாடகக்காரர்களுக்கு மற்ற மாதங்களில் இப்படித் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். அரங்கத்தில் ஏற்கனவே பழைய ஹாலஜன் லைட்டுகள் இருந்தன: ஆறு பார் கேன், நான்கு ஃப்ரெனல் (விளிம்பு மென்மையாக விழுகிற லென்ஸ் வைத்த லைட்), எல்லாம் ஆயிரம் வாட்ஸ், மேடைக்குப் பின்னால் ஒரு 12 சேனல் டிம்மர் பெட்டி. கூடவே நாங்கள் எட்டு எல்ஈடி பார் வாடகைக்கு எடுத்திருந்தோம், பின்பக்கம் நீலத்துக்கு.

அரங்கத்தின் லைட் போர்டைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லாரும் லைட் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். வியாசர்பாடிக்காரர், இந்தத் தொழிலில் முப்பது வருஷம். தோளில் எப்போதும் ஒரு துண்டு. நான் லேப்டாப்பைத் திறந்து முதல் கேள்வி கேட்பதற்குள் மேடையில் என் எட்டு எல்ஈடி-யும் பேய் பிடித்த மாதிரி விட்டு விட்டு மின்ன ஆரம்பித்தன. அண்ணன் எழுந்து பின்னால் போனார், போன வேகத்தில் திரும்பி வந்தார். "ஏம்மா, எல்ஈடிய இன்னாத்துக்கு டிம்மர்ல சொருகின?"

நான் சொருகினேன்தான். டிம்மர் பெட்டியில் இருந்ததும் 15 ஆம்ப் சாக்கெட், சுவரில் இருந்ததும் 15 ஆம்ப் சாக்கெட், பக்கத்தில் எது இருந்ததோ அதில் போட்டேன். எல்ஈடி-க்குக் கரன்ட் நேர் லைனிலிருந்துதான் வர வேண்டும், அதன் டிம்மிங் அதற்குள்ளேயே இருக்கிறது, டிஎம்எக்ஸ் வழியாகத்தான் அதோடு பேச வேண்டும். "100-ல வச்சிட்டா சரியாயிடும்ல அண்ணா?" என்று கேட்டேன். "100-லயும் அது முழுசா வராதும்மா, கடிச்சுத்தான் வரும். உள்ள இருக்கற போர்டு பூடும். வாடகை லைட்டு, நீதான் காசு கட்டணும்" என்றார். கழற்றி மாற்றினோம். அரை மணி நேரம் போச்சு.

கடித்து வரும் என்று அவர் சொன்னதற்கு அர்த்தம் அன்றைக்கு ராத்திரிதான் விளங்கியது. வீட்டு ஃபேன் ரெகுலேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் சுவரில் செங்கல் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி இருக்குமே, ஒன்றில் வைத்தால் தொட முடியாமல் சுடும். அது ரெசிஸ்டன்ஸ். மிச்சக் கரன்ட்டைச் சூடாக்கி வீணடித்துத்தான் ஃபேனைக் குறைக்கும். நாடக மேடையிலும் முதலில் அந்த மாதிரி டிம்மர்தான் இருந்தது. அப்புறம் வந்த சின்ன எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் சுடாது, ஆனால் குறைத்து வைத்தால் ஃபேன் "ம்ம்ம்" என்று முனகும். அது கரன்ட்டைக் குறைப்பதில்லை, வெட்டுகிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 100 அரை அலை. ஒவ்வொரு அரை அலையிலும் முதல் பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தை மட்டும் விடுகிறது. மேடை டிம்மர் பெட்டிக்குள் இருப்பதும் அதன் பெரியண்ணன்தான். ஹாலஜன் பல்பின் கம்பி சூடு ஆற நேரம் எடுப்பதால் அந்த வெட்டு நம் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும், அமைதியான காட்சியில் பல்பு மெல்லிசாகப் பாடும். எல்ஈடி-க்குள் இருக்கிற பவர் சப்ளைக்கு இந்த வெட்டுப்பட்ட கரன்ட் ஆகாது. மாமியார் வீட்டுச் சாப்பாடு மாதிரி, கொஞ்ச நாள் தாங்கும், அப்புறம் படுத்துவிடும்.

சரி, கடைசிக் காட்சிக்கு வருகிறேன். தபால்காரர் முகத்துக்கு ஒரு ஃப்ரெனல், 40 சதவீதம். பின்னால் நீலத்துக்கு எல்ஈடி, 20. இரண்டும் சேர்ந்து 12 வினாடியில் 0. கோ பட்டனை அழுத்தினேன்.

முதலில் போனது அவர் முகம். 12 வினாடி முடிய இன்னும் மூன்று வினாடி பாக்கி இருக்கும்போதே முகம் இருட்டில் போய்விட்டது, பின்னால் நீலம் மட்டும் தனியாக நின்றது. அந்த நீலமும் இறங்கியது என்று சொல்ல முடியாது, மாடிப்படியில் கால் முட்டி வலிக்காரர் இறங்குகிற மாதிரி படி படியாக, ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரிய இறங்கி, கடைசிப் படியில் டக்கென்று விழுந்து செத்தது. டைரக்டர் கேட்டதற்கு நேர் எதிர். அவர் ஒன்றும் பேசவில்லை. பக்கோடா தின்றுகொண்டிருந்த கையை மட்டும் நிறுத்தினார்.

நான் டெஸ்டர் இல்லையா, கணக்குப் போட்டேன். எல்ஈடி-யில் 20 சதவீதம் என்றால் 255-ல் 51. 51-லிருந்து 0-வுக்கு 12 வினாடி, வினாடிக்கு நான்கு படிதான் வருகிறது. சினிமா வினாடிக்கு 24 ஃப்ரேம் ஓடுகிறது, நான் நான்கை வைத்துக்கொண்டு மென்மை வேண்டும் என்கிறேன். அதிலும் எல்லாப் படியும் ஒரே உயரமில்லை. கையில் 200 ரூபாய் இருக்கும்போது ஒரு ரூபாய் விழுந்தால் தெரியுமா? ஐந்து ரூபாயில் ஒரு ரூபாய் விழுந்தால் தெரியும். 200-லிருந்து 199-க்கு வெளிச்சம் அரை சதவீதம் குறைகிறது, 5-லிருந்து 4-க்கு இருபது சதவீதம், 1-லிருந்து 0-வுக்கு எல்லாமே போய்விடுகிறது. வீட்டில் டியூப்லைட் போட்டுக்கொண்டு பார்த்ததால் கீழ்ப்படிகள் எதுவும் என் கண்ணில் படவே இல்லை.

நல்ல லைட்டுகளில் இதற்கு வழி இருக்கிறது. ஒரு டிம்மருக்கு இரண்டு சேனல் எடுத்துக்கொள்ளும், ஒன்று பெரிய படி, இன்னொன்று அந்தப் படிக்குள் 256 குட்டிப் படி. 16 பிட் என்பார்கள், மொத்தம் 65,536 நிலை. நாங்கள் எடுத்த வாடகை லைட்டில் அது இல்லை. எங்கள் பட்ஜெட்டுக்கு லைட் எரிந்ததே பெரிசு.

முகம் ஏன் சீக்கிரம் போனது என்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. எண்ணில் இன்னும் பத்து சொச்சம் இருக்கிறது, மேடையில் வெளிச்சம் இல்லை. ஸ்கிரீனைக் காட்டி அண்ணனிடம், "இங்க பாருங்க, இன்னும் 9 காட்டுது" என்று கிட்டத்தட்ட சண்டைக்கே போனேன். அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து ஸ்கிரீன் மேல் போட்டு மூடினார்.

"ஃபேடர மட்டும் புடி. மேல பாரு. மொத வெளிச்சம் எப்ப வருதோ அப்ப நிறுத்து."

ஹால் லைட்டை எல்லாம் அணைக்கச் சொன்னார். கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று இரண்டு நிமிஷம் சும்மா உட்கார வைத்தார். மூன்று மணி நேர வாடகையில் இரண்டு நிமிஷம் சும்மா! அப்புறம் நான் ஃபேடரை, அதாவது அளவை ஏற்றி இறக்குகிற அந்த வழுக்குப் பட்டனை, ஒரு மயிரிழை ஒரு மயிரிழையாக ஏற்றினேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம். ஒன்றுமில்லை. அங்கே தொங்குகிற ஃப்ரெனலின் லென்ஸில் மட்டும் ஒரு பழுப்புப் பொட்டு, சாம்பலுக்கடியில் தணல் மாதிரி. "அது பல்புல வர்ற வெளிச்சம். சேர்மேல வந்துச்சா?" இல்லை. இன்னும் கொஞ்சம் ஏற்றினேன், ஈஸி சேரின் மரக்கை விளிம்பு இருட்டிலிருந்து பிரிந்து தெரிந்தது. நிறுத்தினேன். அண்ணன் துண்டைத் தூக்கினார். 11.

அந்த 11-ஐ ஃபேடருக்குக் கீழே ஒட்டியிருந்த மாஸ்கிங் டேப்பில் பென்சிலால் எழுதினார். மறுபடி துண்டு. அடுத்த ஃப்ரெனல் 13. பழைய பார் கேன் ஒன்று 9. எல்லாமே ஆயிரம் வாட்ஸ்தான், ஆனால் பல்பின் வயசு, டிம்மர் சேனல், லென்ஸில் எத்தனை வருஷத்துத் தூசி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாதகம். எல்ஈடி-க்கு வந்தபோது ஃபேடரைத் தொட்டதுமே 1-ல் பளிச்சென்று வந்து நின்றது. அதற்குக் கீழே அதற்கு எதுவுமே கிடையாது.

ஆக 40-லிருந்து 0-வுக்கு 12 வினாடி என்று நான் எழுதியபோது மேடையில் நடந்தது என்ன? 40-லிருந்து 11-க்கு வர எட்டே முக்கால் வினாடி, அதோடு முகம் காலி. மிச்ச மூன்றேகால் வினாடி போர்டு யாருக்கும் தெரியாமல் எண்ணிக்கொண்டு போகிறது. நான் ஸ்கிரீனில் பார்த்த ஃபேட் வேறு, ஆடியன்ஸ் பார்த்த ஃபேட் வேறு. இந்த ஒரு விஷயத்தைக் கற்றுக்கொள்ளத்தான் மூன்று வாரம் ஆனது, மற்ற பட்டன் எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

கண்ணே அப்படித்தானாம். வெளிச்சம் உண்மையில் கால்வாசியாகக் குறைந்தால்தான் நமக்குப் பாதி குறைந்த மாதிரித் தோன்றும். அதனால்தான் டிம்மருக்கு கர்வ் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். லீனியர் என்றால் 50 போட்டால் 50 வெளிச்சம் வரும், கண்ணுக்கு அது பாதிக்கு மேலேயே தெரியும். ஸ்கொயர் லா என்றால் 50 போட்டால் 25 வெளிச்சம், கண்ணுக்குப் பாதி. எங்கள் எல்ஈடி லைட்டின் முதுகில் இருக்கிற சின்ன மெனுவில் நோண்டிப் பார்த்தால் அது லீனியரில் கிடந்தது. எட்டையும் ஏணி போட்டு ஏறி மாற்றினேன். அங்கேயே டிம்மர் வேகம் என்று இன்னொன்று இருந்தது, அதையும் மெதுவுக்கு மாற்றினேன். அப்படிச் செய்தால் லைட்டே படிகளுக்கு நடுவில் தானாக வழுக்கிக்கொண்டு போகும், ஹாலஜன் கம்பி ஆறுகிற மாதிரி நடிக்கும். முழுசாக இல்லை, ஆனால் முட்டிவலி போய்விட்டது. அதுவரை அந்த மெனுவை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் கியூவை, அதாவது கோ பட்டனை அழுத்தினால் ஓடுகிற அந்தப் பதிவை, உடைத்தோம். ஒரே ஃபேட் வேண்டாம். நீலம் 5 வினாடியில் முதலில் போய்விட வேண்டும், அதன் கடைசிப் படி விழும்போது முகத்தில் இன்னும் வெளிச்சம் இருப்பதால் அந்த விழுகையை யாரும் பார்க்கமாட்டார்கள். ஃப்ரெனல் 40-லிருந்து 11-க்கு முழுசாக 12 வினாடி, அது முடிந்ததும் தானாகத் தொடர்கிற இன்னொரு கியூவில் 11-லிருந்து 0. ஹாலஜனின் குணம் இங்கேதான் கைகொடுத்தது. இறங்க இறங்க அது மஞ்சளாகி, ஆரஞ்சாகி, சிவந்து போகும். முழு வெளிச்சத்தில் 3200 கெல்வின் என்று சொல்லப்படுகிற நிறம், 15-க்கு வரும்போது பந்தம் மாதிரி இருக்கும். எல்ஈடி இறங்கினால் அதே நீலம், அதே வெள்ளை, கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். கூத்தில் பந்தம் பார்த்துப் பழகிய கண்களுக்கு அந்தச் சிவப்பு ஏதோ செய்கிறது. இனிமேல் ஹாலஜன் எல்லாம் போய்விடும், கரன்ட் பில்லும் சூடும் பார்த்தால் போகத்தான் வேண்டும், ஆனால் கடைசி வினாடிக்கு ஒன்றையாவது மாட்டி வைத்திருங்கள் என்று அரங்கம் வைத்திருக்கிறவர்கள் காலில் விழத் தயார்.

நான்கு நிமிஷப் பொழுது சாய்வுதான் பெரிய தலைவலியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், அது சுலபமாக முடிந்தது. 80-லிருந்து 40-க்கு 240 வினாடி என்று எழுதினேன், மேல்படிகள் என்பதால் யார் கண்ணுக்கும் எதுவும் தெரியவில்லை. டைரக்டரே ஒத்திகையில் "எப்ப ஆரம்பிக்கப் போற?" என்று கேட்டார். ஆரம்பித்து மூன்று நிமிஷம் ஆகியிருந்தது.

புரோகிராம் செய்கிற முறையைப் பற்றி ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். எந்தப் போர்டானாலும், அவோலைட்ஸ், ஈடிசி, கிராண்ட்எம்ஏ எதுவாகட்டும், பட்டன் பேர் மாறும், சாரம் ஒன்றுதான். லைட்டைத் தேர்ந்தெடு, அளவு கொடு, பதிவு செய், நேரம் கொடு. ஏறுகிற நேரமும் இறங்குகிற நேரமும் தனித்தனியாகக் கொடுக்கலாம். இறங்குகிற நேரத்தைக் கொஞ்சம் கூட வைத்தால் நடுவில் மேடை இருட்டாகிக் குழிவிழாது. டிராக்கிங் போர்டாக இருந்தால் ஜாக்கிரதை, மாற்றாத அளவு அடுத்த கியூவுக்கும் தானாகத் தொடரும். 7-வது கியூவில் ஒரு லைட்டைக் கொஞ்சம் ஏற்றினேன், யாரும் மறுபடி தொடாத வரைக்கும் அது 19 வரைக்கும் அப்படியே ஓடி வந்து கல்யாணக் காட்சியில் உட்கார்ந்துகொண்டது. கிராண்ட் மாஸ்டர், அதாவது மொத்த வெளிச்சத்துக்குமான ஒரே ஃபேடர், முழுசாக மேலே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புரோகிராமை ஆரம்பியுங்கள், நான் ஒரு நாள் முழுக்க 90-ல் வைத்துக்கொண்டு செய்தேன். பென்டிரைவில் சேமியுங்கள். போர்டுக்கு ஒரு யூபிஎஸ் போடுங்கள், கரன்ட் போய் ஜெனரேட்டர் வருகிற பத்து வினாடியில் ஃபேனுக்கு ஒன்றும் ஆகாது, போர்டு முதலிலிருந்து எழுந்து வர வேண்டும். சவுண்டுக்காரரிடம் மைக் கேபிளைக் கடன் வாங்கி டிஎம்எக்ஸ் ஓட்டாதீர்கள், ஒத்திகையில் ஓடும், நாடகத்தன்று சிமிட்டும். வரிசையின் கடைசி லைட்டில் 120 ஓம் ரெசிஸ்டர் வைத்த ஒரு பிளக்கைச் சொருகுங்கள், ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரெசிஸ்டருக்குச் சில்லறைதான் ஆகும், இரண்டாவது மூன்றாவது பின்னுக்கு நடுவில் பற்றவைத்தால் போதும்.

முதல் ஷோ. எல்லாம் சரியாகப் போனது. பொழுது சாய்ந்தது, பேரன் உள்ளே போனான், நீலம் போனது, முகம் சிவந்து, சுருங்கி, ஈஸி சேரின் கை விளிம்போடு சேர்ந்து மறைந்தது. ஹாலில் ஒரு இருமல்கூட இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதனால்தான் பார்க்கவில்லை.

மேடை இருட்டாகவே இல்லை. இடது பக்கத்திலிருந்து மெல்லிசாக ஒரு வெளிச்சம். இடைவேளையில் யாரோ சிறுவன் செருப்பைத் தேடுகிறான் என்று நான் ஒரு சப்மாஸ்டரை (சில லைட்டுகளைச் சேர்த்துத் தனியாக ஏற்றுகிற ஃபேடர்) கொஞ்சம் ஏற்றி வைத்திருந்தேன், இறக்க மறந்துவிட்டேன். டிம்மர் அளவுகளுக்குப் போர்டில் ஒரு விதி உண்டு, எது அதிகமோ அதுதான் ஜெயிக்கும். கியூ 0 என்று சொல்லும், சப்மாஸ்டர் 15 என்று சொல்லும், 15 ஜெயிக்கும். நாடகம் நடந்தபோது மற்ற வெளிச்சத்தில் அது தெரியவில்லை, எல்லாம் போனதும் தனியாகத் தெரிந்தது.

மேடையில் இருந்தவருக்கு இது தெரியாது. இருட்டாகிவிட்டது என்று நினைத்து, ஒத்திகையில் சொல்லிக்கொடுத்தபடியே, செத்துப்போன தபால்காரர் எழுந்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், ஈஸி சேரை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாக நடந்து உள்ளே போனார். ஒரு வினாடி அமைதி. அப்புறம் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "தபால் இன்னும் பாக்கி இருக்கு போல" என்றார். ஹால் முழுக்க சிரிப்பு.

டைரக்டர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. லைட் அண்ணன் மட்டும் கேன்டீனில் காபி வாங்கிக் கொடுத்து, அவருடைய ஆரம்ப காலத்தில் ஒரு புராண நாடகத்தில் அசரீரி பேசும்போது தவறுதலாக ஹால் லைட்டைப் போட்டுவிட்டதாகவும், மைக்கோடு பின்னால் நின்ற அசரீரியை எல்லாரும் பார்த்துவிட்டதாகவும் சொன்னார். உண்மையா, எனக்காகக் கட்டிச் சொன்னாரா தெரியாது.

இரண்டாவது ஷோவில் கடைசிக் கியூவுக்கு முன்னால் எல்லா சப்மாஸ்டரையும் விரலால் தடவித் தடவி 0-வில் இருக்கிறதா என்று பார்த்தேன், கண்ணால் இல்லை, விரலால், ஏனென்றால் கண் மேடையில் இருக்க வேண்டும். முகம் போனது. இருட்டு. முழு இருட்டு. யாரும் சிரிக்கவில்லை. ஒரு நண்பர் ஃபோனில் எடுத்த வீடியோவில் பின்னால் நீலத்தில் பட்டை பட்டையாக ஓடுகிறது. எல்ஈடி மங்குவதே வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அணைந்து எரிவதால்தான், அந்த வேகத்துக்கும் கேமராவுக்கும் ஒத்துப்போகவில்லை. சில லைட்டின் மெனுவில் அந்த வேகத்தையும் மாற்றலாமாம். அடுத்த தடவை பார்க்க வேண்டும்.

அரங்கத்தைக் காலி செய்யும்போது அண்ணன் அந்த மாஸ்கிங் டேப்பை முழு நீளத்துக்கும் உரித்து என் நோட்டில் ஒட்டிக் கொடுத்தார். 11, 13, 9, 12. "இத வச்சிட்டு இன்னா பண்ணுவ, வேற ஹாலுக்குப் போனா வேற நம்பரு" என்றார் ஒட்டிக்கொண்டே. அடுத்த மாதம் எழும்பூர் மியூசியம் தியேட்டரில் தேதி கிடைத்திருக்கிறது. அம்மாவின் பீரோவிலிருந்து கறுப்புத் துண்டு ஒன்றை எடுத்து லேப்டாப் பையில் வைத்திருக்கிறேன்.